உள்பாக்கெட்டில் ஒரு கேமரா

தொழில் வட்டாரத்தில் அவருக்கு மேனுவல் என்று பெயர். கேமரா வாங்கினால் பெட்டிக்குள் ஒரு புத்தகம் வருமே, எல்லாரும் பிரிக்காமலே மேஜை இழுப்பறையில் போட்டுவிடுகிற புத்தகம், அதை முதல் பக்கத்திலிருந்து உத்தரவாதச் சீட்டு வரைக்கும் உட்கார்ந்து படிக்கிற மனிதர் அவர். இருபத்தாறு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறார். ஆனால் ஒருவராவது, "மேனுவல் எடுத்த படத்தைப் பார்த்தீங்களா" என்று கேட்டதில்லை. "எந்த லென்ஸ் வாங்கலாம்னு மேனுவல்கிட்ட கேட்டீங்களா" என்றுதான் கேட்பார்கள். இதை அவரே சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடித்த கையோடு, "அப்போ என்கிட்ட இருந்த லென்ஸ் அப்படி, நான் என்ன பண்ணட்டும்" என்றும் சேர்த்துக்கொள்வார்.

ஸ்டுடியோ என்பது ஒரு செருப்புக்கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் வாடிக்கையாளர் உட்கார ஒரு சோபா, சுவரில் ஆறு கல்யாணங்கள். பின்னறையில் மனைவி ஆல்பம் வடிவமைக்கிற கணினி, அதை ஒட்டி ஒரு கண்ணாடிக் கதவு அலமாரி. லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் இருபத்துநாலு மணி நேரமும் ஒரு குட்டி பல்பு எரியும். வீட்டில் பல்பு ஃப்யூஸ் போனால் மாற்ற ஒரு வாரம் ஆகும், அலமாரி பல்பு போனால் பத்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார் என்பது மனைவி அடிக்கடி படிக்கிற குற்றப்பத்திரிகை. உள்ளே பதினோரு லென்ஸ் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கூடப் போவது மூன்று. மீதி எட்டும் எதற்கு என்று கேட்டால் மேனுவல் பேச்சை மாற்றுவார்.

பெண் வீட்டார் பேச வந்தால் எல்லாப் படக்காரரும் ஆல்பத்தைத் திறந்து காட்டுவார்கள். இவர் கேமராவின் மூடியைத் திறந்து காட்டுவார். "பாருங்க, ரெண்டு கார்டு. ஒவ்வொரு படமும் ரெண்டு இடத்துல பதியும். ஒன்னு கெட்டாலும் இன்னொன்னு இருக்கும்." ஒரு தடவை ஒரு மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி சார், படத்துல நாங்க நல்லா இருப்போமா?" என்றார். மேனுவல் மனதில் பட்டதைச் சொன்னார். "அது உங்க முகத்தைப் பொறுத்தது." அந்த வேலை கைநழுவிப் போனது. பின்னறையில் ஆல்பம் செய்துகொண்டிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்ட சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது.

இவர்களுக்கு ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அங்கேயே கூட வேலை பார்க்கிறவரைப் பிடித்துப்போய், இரண்டு வீட்டிலும் பேசி, மண்டபத்திலேயே பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற கல்யாணமாக நாளும் குறித்தாகிவிட்டது. நாள் குறித்த அன்றைக்கே மேனுவல் ஒரு பட்டியல் எழுத ஆரம்பித்தார். மண்டபத்துக்குப் போய் ஜன்னல்களை எண்ணினார், விளக்குகளின் நிறத்தைக் குறித்துக்கொண்டார், பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காரப்போகிற மேஜையிலிருந்து முன்வரிசை எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்தார். மண்டபத்துக்காரர் அவரைப் பெயிண்ட் அடிக்க வந்தவர் என்று நினைத்து ஏணி எங்கே இருக்கிறது என்று காட்டினார்.

பட்டியல் நான்காம் பக்கத்தில் இருந்தபோது, ஒரு மதியம் மகள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சோபாவில் வாடிக்கையாளர் மாதிரி உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்குப் படம் எடுக்க வேற ஆளைச் சொல்லிட்டேன்ப்பா" என்றாள்.

மேனுவல் பேனாவைக் கீழே வைத்தார். "ஏம்மா, நான் எடுக்கிறது பிடிக்கலையா?"

"பிடிக்கும்ப்பா. நான் பிறந்ததுக்குப் படம் இருக்கு, பல்லு விழுந்ததுக்கு இருக்கு, ஓட்டப்பந்தயத்துல கடைசியா வந்ததுக்குக்கூட இருக்கு. ஒன்னுலகூட நீங்க இல்ல."

"நான்தானே எடுத்தேன்."

"அதான்ப்பா சொல்றேன்."

அவர் பட்டியலின் தாள்களைச் சேர்த்து அடுக்கினார்.

"அன்னைக்கு ஒரு நாள் கேமரா வேண்டாம். கையெழுத்துப் போட்டு முடிச்சதும் நான் நிமிர்ந்து பார்ப்பேன். அப்போ எனக்கு உங்க முகம் தெரியணும். எனக்கு வேற எதுவும் வேண்டாம். சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். மனசாரத்தான் பண்ணினார், அதில் சந்தேகமே வேண்டாம். மகள் படியிறங்கிப் போன பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார். அப்புறம் உட்கார்ந்து, வரப்போகிற படக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை எழுத ஆரம்பித்தார். முப்பத்தொன்று வந்தது.

அந்தப் படக்காரர் முப்பது வயதுப் பெண். மகளின் தோழி கல்யாணத்துக்கு எடுத்தவர். ஸ்டுடியோவுக்கு வந்தபோது கையில் ஒரு துணிப்பை மட்டும் இருந்தது. இவர் வாசலை எட்டிப் பார்த்தார், மீதிப் பெட்டிகள் பின்னால் வருகிறதா என்று. வரவில்லை.

"என்னென்ன கொண்டு வருவீங்க?" என்று முதல் கேள்வியை எடுத்தார்.

"ஒரு கேமரா, ஒரு லென்ஸ் சார். முப்பத்தஞ்சு எம்எம்."

"தூரத்துல இருக்கிறதை எப்படி எடுப்பீங்க?"

"கிட்ட போய் எடுப்பேன்."

"கேமராவுல எத்தனை கார்டு?"

"ஒன்னுதான்."

ஒற்றைக் கார்டு. கார்டு வந்த நாளிலிருந்து மேனுவலின் எந்தக் கார்டும் கெட்டதில்லை, ஆனால் கெட்டுப்போன கதைகள் அவ்வளவும் அவருக்கு மனப்பாடம். மிச்சம் இருபத்தெட்டுக் கேள்விகளைக் கேட்கத் தெம்பில்லாமல் தாளை மடித்தார்.

"நான் ஒன்னு கேட்கலாமா சார்?" என்றார் அந்தப் பெண். "உங்க பொண்ணுக்கு அழுகை வந்தா எப்படித் தெரியும்? கண்ணு முதல்ல கலங்குமா, இல்ல உதடா?"

மேனுவலுக்கு மகளின் இடது பக்க முகம் வலதைவிட எடுப்பாக வரும் என்று தெரியும். நெற்றியில் வெளிச்சம் பட்டால் பளபளக்கும் என்று தெரியும். எண்பத்தைந்து லென்ஸில் மூக்கு சின்னதாகத் தெரியும் என்பதும் தெரியும். இதற்குப் பதில் தெரியவில்லை. பின்னறையிலிருந்து மனைவிதான் சொன்னாள். "தாடை இறுகும்மா. கண்ணுக்கு வர்றதுக்கு ரொம்ப நேரம் ஆகும்." அந்தப் பெண் அதைக் குறித்துக்கொண்டார். அந்த ஒரு வரியோடு எழுந்தும் விட்டார்.

அன்றிலிருந்து மேனுவலுக்குத் தூக்கம் கெட்டது. கார்டு போய்விட்டால் என்ன செய்வது? மகளின் கல்யாணம் ஒரே ஒரு கார்டில் தொங்குகிறதே? சத்தியம் சத்தியம்தான், அதை மீறப்போவதில்லை. ஆனால் அவசரத்துக்கு, சும்மா ஒரு பாதுகாப்புக்கு, சட்டைப்பைக்குள் ஒன்று இருந்தால் சத்தியத்துக்கு என்ன குறைந்துவிடும்? தீயணைப்புக் கருவி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வீட்டைக் கொளுத்தவா போகிறார்கள்? தன் கட்சிக்குத் தானே வக்கீல், தானே நீதிபதி. தீர்ப்பு எப்படி வரும் என்று சொல்லவும் வேண்டுமா.

அந்த அவசரக் கேமராவைத் தேர்ந்தெடுக்க மூன்று வாரம் பிடித்தது. உள்பாக்கெட்டில் அடங்க வேண்டும். சத்தமே வரக்கூடாது. வினாடிக்கு இருபது படமாவது எடுக்க வேண்டும், அப்போதுதான் ஒரு தடவை வெளியே எடுத்தாலும் வேலை முடியும். மங்கலான வெளிச்சத்திலும் முகத்தைப் பிடிக்க வேண்டும். நாற்பது விமர்சனம் படித்தார், அட்டவணை போட்டார், மதிப்பெண் கொடுத்தார், இரண்டு கேமராவை வாங்கித் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதைப் பிடித்துப்போய் வீட்டுக்குக் கொண்டுவந்து கூட வந்த புத்தகத்தைப் பிரித்துப் படிக்கையில் பதினெட்டாம் பக்கத்தில் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அந்தக் கேமராவிலும் கார்டு ஒன்றுதான். ஒற்றைக் கார்டுக்குப் பயந்து அவர் ஒற்றைக் கார்டு கேமராவையே வாங்கியிருந்தார். இதை யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளக்கூட இரண்டு நாள் ஆயிற்று.

அடுத்தது கோட்டு. தையல்காரரிடம் உள்பாக்கெட்டைப் பெரிதாக்கச் சொன்னார்.

"உள்ள என்ன வைப்பீங்க?" என்று தையல்காரர் கேட்டார்.

"கைக்குட்டை."

தையல்காரர் அவர் காட்டிய அளவைப் பார்த்தார். "ரெண்டு இன்ச் கனத்துக்கா? ரொம்ப அழுவீங்களோ?"

கல்யாணத்தன்று காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது மனைவி நெஞ்சில் புடைத்துக்கொண்டிருந்த இடத்தைப் பார்த்தாள். விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். டொக்கென்று கேட்டது. அவர் விட்டத்தைப் பார்த்தார். மனைவி அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

மண்டபத்தில் முன்வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் நின்றார். நிற்கத் தெரிந்தால்தானே. இருபத்தாறு வருஷமாகக் கல்யாண வீட்டில் அவர் ஒரு இடத்தில் நின்றதே இல்லை. கைகளை முன்னால் கட்டினார், பின்னால் கட்டினார், பிறகு ஒரு கையை எங்கே வைத்தோம் என்றே மறந்து பக்கத்தில் நின்ற சம்பந்தியின் தோளில் வைத்துவிட்டார். அவர் நெகிழ்ந்துபோய்க் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டபோது நடுவில் கேமரா இருவர் நெஞ்சிலும் குத்தியது.

கண் முழுவதும் அந்தப் படக்காரப் பெண் மேல்தான். ஜன்னலுக்கு எதிரே நிற்கிறாளே, முகம் இருட்டாக வருமே. இவ்வளவு கிட்டே போகிறாளே. ஐயோ, கீழே உட்கார்ந்துவிட்டாளே. "வலது பக்கம் போம்மா, வலது பக்கம்" என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

"மேடையில உங்க பொண்ணு இருக்கா" என்றாள் மனைவி, மெதுவாக.

பதிவேட்டை மேஜையில் விரித்தார்கள். மாப்பிள்ளை கையெழுத்துப் போட்டார். மகள் பேனாவை வாங்கினாள். அந்த நேரம் பார்த்து அந்தப் பெண் செய்த காரியத்தைக் கண்டு மேனுவலுக்கு நம்பவே முடியவில்லை. மகளுக்கு எதிரே நிற்க வேண்டியவர், அவள் தோளுக்குப் பின்னால் போய், கேமராவை முன்வரிசைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். மகளின் முகத்தை எடுக்க அந்த மண்டபத்தில் ஓர் ஆளும் இல்லை. அவ்வளவு பேர் நடுவில், தன் குழந்தை கையெழுத்துப் போடுகிற முகம் ஒருவரிடமும் பதியாமல் போகப்போகிறது. இதுவல்லவா அவசரம், இதற்குத்தானே வாங்கினோம் என்று அவர் மனது அலறியது. கை தானாக உள்பாக்கெட்டுக்குள் போயிற்று. சத்தியம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததா என்று பிற்பாடு மனைவி கேட்டாள். வந்தது. எடுத்துவிட்டு உடனே கீழே இறக்கிவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

இரண்டு வினாடி. சத்தமே இல்லை. நாற்பது படம். கேமராவை இறக்கியபோது மகள் மாப்பிள்ளை பக்கம் திரும்பியிருந்தாள். கைதட்டல் ஆரம்பித்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை ஸ்டுடியோவைத் திறந்ததும் அவர் முதல் வேலையாகக் கார்டைக் கணினியில் போட்டார். கூர்மை எப்படி வந்திருக்கிறது என்று பார்க்கத்தான். அருமையாக வந்திருந்தது. கண்ணிமை ஒவ்வொன்றாக எண்ணலாம். மூன்று வாரம் அலைந்தது வீண் போகவில்லை என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

முதல் பத்தில் மகள் பேனாவைக் கீழே வைக்கிறாள். பதினொன்றில் தலை நிமிர்கிறது. பன்னிரண்டிலிருந்து கண் முன்வரிசையில் தேடுகிறது. அம்மாவைத் தாண்டி வருகிறது. உதடு சிரிக்கப் போகிறது, இன்னும் சிரிக்கவில்லை. தாடை இறுகுகிறது. பதினேழாம் படத்தில் அந்த முகம் முழுக்கத் திறந்து கிடந்தது. அப்படி ஒரு முகத்தை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. யாருடைய முகத்தையும் எடுத்ததில்லை. இருபத்து மூன்றில் கண் நேராக லென்ஸுக்கு வருகிறது. இருபத்து நான்கில் ஒரு மாற்றமும் இல்லை. இருபத்தைந்தில், இருபத்தாறில், அந்த முகம் ஒரு கடை மூடுகிற மாதிரி மெல்ல மூடிக்கொள்கிறது. முப்பதில் அவள் சிரிக்கிறாள். தாடையைக் கொஞ்சம் இறக்கி, இடது பக்கத்தை முன்னால் கொடுத்து, நெற்றியில் வெளிச்சம் படாமல். இரண்டு வயதிலிருந்து, வீட்டுக்கு வந்த ஒவ்வொரு புது லென்ஸுக்கும் ஜன்னல் ஓரமாக நின்று அவள் பழகிய சிரிப்பு அது. அவர் சொல்லிக்கொடுத்த சிரிப்பு.

மேனுவல் திரும்ப முதலிலிருந்து பார்த்தார். வினாடிக்கு இருபது படம் எடுக்கிற கேமராதான் வேண்டும் என்று மூன்று வாரம் ஒற்றைக்காலில் நின்றாரே, கிடைத்தது. மகள் அப்பாவைத் தேடுவதை வினாடியின் எந்த இருபதில் ஒரு பங்கில் நிறுத்தினாள் என்று இப்போது துல்லியமாகத் தெரிந்தது. மலிவான கேமரா வாங்கியிருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை. "முட்டாள், முட்டாள்" என்று சொல்லிக்கொண்டு அழுதார். கோட்டு வீட்டில் இருந்தது, பெரிய பாக்கெட்டும் வீட்டில் இருந்தது, கைக்குட்டை மட்டும் எங்கேயும் இல்லை. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் படக்காரப் பெண் படங்களைக் கொண்டுவந்தார். கார்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு படம்கூடப் பழுதில்லை. மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்தார்கள். பின்னறையில் கணினியைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து பார்த்தார்கள். கையெழுத்துப் படம் வந்தது. மகளின் தோள், அதற்கு அப்பால் முன்வரிசை. கண் கலங்கிய அம்மா. கண்ணைத் துடைக்கிற சம்பந்தி. நடுவில் கோட்டுப் போட்ட ஒருவர், முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேமரா.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். அப்புறம் மற்றவர்கள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்காகத்தான் சார் அங்க போய் உட்கார்ந்தேன்" என்றார் அந்தப் பெண். குற்றம் சொல்கிற குரல் இல்லை. "அவங்க நிமிர்ந்து பார்க்கும்போது உங்க முகம் எப்படி இருக்கும்னு எடுக்கச் சொல்லியிருந்தாங்க."

மேனுவல் மகளைப் பார்த்தார். "நான் எடுத்ததைப் பார்த்துட்டியாம்மா அன்னைக்கே?"

"பார்த்தேன்ப்பா."

"ஒரு வார்த்தை கேட்கலையே."

"நீங்க எடுப்பீங்கன்னு தெரியும்ப்பா" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். மழை வரும் என்று தெரிந்து குடை எடுத்து வந்தவள் சொல்கிற மாதிரி.

அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. அவர் எழுந்து கணினிக்கு முன்னால் உட்கார்ந்து தன் நாற்பது படத்தையும் திறந்தார். மறைத்துவிடலாம் என்று இரண்டு வாரம் நினைத்திருந்தவர்தான். ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஒரு விளக்கமும் கொடுக்கவில்லை, கேமராவின் பெயரைக்கூடச் சொல்லவில்லை. முப்பதாம் படம் வந்ததும் நிறுத்தினார்.

"மன்னிச்சிடும்மா" என்றார். "நீ கேட்டது ஒன்னே ஒன்னு. அதைக்கூட நான் செய்யலை."

மகள் அவர் கையை நகர்த்திவிட்டு, தானே பின்னால் தள்ளிக்கொண்டு போனாள். பதினேழில் நின்றாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தாடை இறுகியது. மேனுவல் அதைப் பார்த்தார். கையில் கேமரா இல்லாததால் அதை மட்டும்தான் பார்க்க முடிந்தது. கண்ணுக்கு வருவதற்கு நேரம் ஆயிற்று. மனைவி சொன்னது சரிதான்.

"இதைப் பெரிசாப் போட்டு முன்னறையில மாட்டுங்கப்பா" என்றாள். "என்ன லென்ஸுன்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க."

மாட்டினார். ஆறு கல்யாணங்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டினார். வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அங்கேதான் பார்த்தார்கள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெண் வீட்டார் இரண்டு பேர் கேமராவைப் பற்றிக் கேட்காமலே நாள் குறித்துக்கொண்டு போனார்கள்.

போன மாதம் இன்னொரு கல்யாணப் படக்காரர் வந்தார். எண்பத்தைந்து லென்ஸ் வாங்கலாமா, ஐம்பது வாங்கலாமா என்று யோசனை கேட்க வந்தவர். உட்கார்ந்ததுமே படத்தைப் பார்த்துவிட்டார். எழுந்து கிட்டே போனார்.

"அண்ணே, இது என்ன லென்ஸு?"

"டீ குடிக்கிறீங்களா?" என்றார் மேனுவல்.

"சொல்லுங்கண்ணே. என்னமா இருக்கு. யாரையோ தேடுறாங்களே, யாரை?"

"என்னை" என்றார் மேனுவல்.

வந்தவர் படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எடுத்தது நீங்கதானே? அப்போ நேர் எதிர்லதானே நின்னிருப்பீங்க."

"ஆமா. நேர் எதிர்லதான் நின்னேன்."